லைசென்ஸ் கேட்டால் வாட்ஸ்அப்பையும் காட்ட வேண்டுமா?

வடசென்னையில் இரவு பதினொரு மணிக்கு மேல் பைக் ஓட்டிப் பழகிய பையன்களுக்கு இது மனப்பாடம். பேரிகார்டு போட்டு நிறுத்துவார்கள். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எந்த ஏரியா? ஏரியா பெயரைச் சொன்னதும் கேட்பவரின் குரல் ஒரு படி ஏறும். லைசென்ஸ், ஆர்.சி. பார்ப்பார்கள், ஊதச் சொல்வார்கள். பெரும்பாலான இரவுகளில் அதோடு சரி. சில இரவுகளில் இன்னொன்றும் வரும்: "போனை எடு, லாக்கை எடுத்துக் குடு." கேலரி, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று ஒரு விரல் ஓடும். கஞ்சாவுக்குப் பையன்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர்களைத் தேடுவார்கள். அரிவாளோடு படம் எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து, "சரி, போ." பையனும் தப்பித்தோம் என்று கிளம்பிவிடுவான். நடந்ததற்கு எந்தக் காகிதமும் இருக்காது.

எங்கள் தெருவில் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவருக்கு அந்த ஐந்து நிமிடம் பதினெட்டு நாளாக நீண்டது. ஏதோ ஒரு குரூப்பில் யாரோ போட்ட அடிதடி வீடியோ அவர் போனில் தானாக இறங்கிக் கிடந்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கொள் என்று போனை எடுத்துப் போய்விட்டார்கள். ரசீதும் இல்லை, கேஸும் இல்லை. போன் இல்லாமல் அவருக்கு ஆர்டர் வராது, பணம் வராது, வீட்டு வாடகை அனுப்பக்கூட வழியில்லை. கடைசியில் போன் திரும்பி வந்தது, விளக்கம் வரவில்லை. எந்த செக்‌ஷனில் எடுத்தார்கள் என்று கேட்டாயா என்றேன். "அதைக் கேட்டா, அடுத்த செக்‌ஷன் நம்ம மேல வரும்ணா" என்றார்.

அவர் கேட்காத கேள்வியை நாம் கேட்டுப் பார்க்கலாம். வாரண்ட் இல்லாமல் போலீஸ் ஒருவரின் செல்போனைத் திறந்து பார்க்க முடியுமா?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. வக்கீல்கள் பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கிவிட்டார்கள். அதில் போலீஸ் கையில் சில கருவிகள் உண்டு. 94ஆம் பிரிவின்படி, விசாரணைக்குத் தேவையான பொருளைக் கொண்டுவா என்று எழுத்தில் உத்தரவு போடலாம். டிஜிட்டல் சாட்சியம் இருக்கக்கூடிய தகவல் தொடர்புக் கருவிகளையும் கேட்கலாம் என்று புதிய சட்டம் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. 96ஆம் பிரிவு நீதிமன்றம் தரும் சோதனை வாரண்ட். 185ஆம் பிரிவுதான் வாரண்ட் இல்லாத சோதனைக்கான வாசல். ஆனால் அதற்குள் நுழைய நிபந்தனைகள் உண்டு. ஏற்கெனவே ஒரு குற்றம் விசாரணையில் இருக்க வேண்டும். வாரண்டுக்குக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நம்பக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் கேஸ் டைரியில் எழுத வேண்டும். எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போக வேண்டும். 105ஆம் பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். நம் போனைப் பார்க்கும்போது போலீஸ்காரர் போனும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

இதற்கு வெளியே 106ஆம் பிரிவு இருக்கிறது. திருட்டுப் பொருள் என்றோ, குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகம் வந்தால் ஒரு பொருளைக் கைப்பற்றலாம். நடைமுறையில் போன்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகின்றன. அப்படிக் கைப்பற்றினால் உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கைது செய்யப்பட்டவரைச் சோதிக்க 49ஆம் பிரிவு. அங்கேயும் எடுத்த பொருளுக்கு ரசீது தர வேண்டும்.

இந்தப் பிரிவுகள் எல்லாம் பொருளை எடுத்து வைப்பதைப் பற்றிப் பேசுகின்றன. எடுத்த பொருளுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒரு வரியும் இல்லை. கத்தியைப் பறிமுதல் செய்தால் பறிமுதலோடு வேலை முடிந்தது. போனைப் பறிமுதல் செய்தால் அங்கேதான் வேலை தொடங்குகிறது. அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், சீட்டுப் பணக் கணக்கு, காதலியோடு போட்ட சண்டை, ஐந்து வருடத்து ஜிபே வரலாறு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் இரண்டும் 'பொருள்'.

சரி, ரோட்டோரச் சோதனைக்கு வருவோம். அங்கே மேலே சொன்ன எந்தப் பிரிவும் பொருந்தவில்லை. கேஸ் இல்லை, அதனால் விசாரணை இல்லை, கைதும் இல்லை, போன் மேல் தனிச் சந்தேகமும் இல்லை. லைசென்ஸ் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு இருக்கிறது. சீருடையில் உள்ள போலீஸ்காரர் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப் கேட்க அதில் ஒன்றுமில்லை. குற்றத் தடுப்புக்காகப் போலீஸ் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ்.சின் 172ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் சட்டப்படியான உத்தரவைத்தான் அது சொல்கிறது. அப்படியானால் எந்த அதிகாரத்தில் பார்க்கிறார்கள்? நம் சம்மதத்தில்.

2021 அக்டோபரில் ஹைதராபாத் போலீஸார் வழியில் போகிறவர்களை நிறுத்தி, அவர்கள் வாட்ஸ்அப்பில் கஞ்சா என்ற சொல்லைத் தேடிப் பார்க்கும் வீடியோ நாடெங்கும் பரவியது. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்கள் ஒத்துழைக்கிறார்கள் என்பதுதான் அப்போது போலீஸ் தரப்பு சொன்ன பதில். இரவு பதினொன்றரை மணி, நான்கு லத்தி, வண்டிச் சாவி அவர்கள் கையில். அந்த நேரத்தில் கிடைப்பதைச் சம்மதம் என்று சொல்லலாமென்றால், பஸ்ஸில் பர்ஸ் அடிப்பவனும் சம்மதம் வாங்கித்தான் அடிக்கிறான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2018இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, லைசென்ஸையும் ஆர்.சி.யையும் மின்னணு வடிவில் காட்டினாலே போதும் என்றார்கள். நல்ல வசதிதான். ஆனால் ஆவணங்களை வைத்திருக்கும் அரசு செயலியான டிஜிலாக்கரைக் காட்டுவதற்கு நாமே லாக்கை எடுத்து, நாமே போனை நீட்டுகிறோம். நீட்டிய போன் இன்னொருவர் கைக்குப் போனபின் விரல் எந்தப் பக்கம் ஓடும் என்பது நம் கையில் இல்லை.

இன்னொரு ஒப்பீடு எனக்கு எப்போதும் உறுத்தும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடம்பைச் சோதிக்கும் முன், 'மாஜிஸ்ட்ரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு' என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதால் உடைந்த கேஸ்கள் ஏராளம். அதாவது சட்டைப்பையில் உள்ள பொட்டலத்துக்கு இத்தனை காவல். அதே பையில் உள்ள போனுக்கு ஒன்றுமில்லை. கைதான பெண்ணின் உடம்பை இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். சொல்கிறது. அவள் போனின் கேலரியை எந்த ஆண் போலீஸ்காரர் வேண்டுமானாலும் ஸ்க்ரோல் செய்யலாம். எது அதிக அந்தரங்கம் என்று எந்தக் கல்லூரி மாணவியைக் கேட்டாலும் சொல்வாள்.

இதே கேள்வியை அமெரிக்கா 2014இல் தீர்த்துக்கொண்டது. அந்த வழக்கு தொடங்கிய விதம் நம் பேசின் பிரிட்ஜ் பக்கம் நடந்த கதை போலவே இருக்கும். 2009இல் சான் டியேகோ நகரில் ரைலி என்ற இளைஞரின் காரை, பதிவு காலாவதியாகிவிட்டது என்று நிறுத்தினார்கள். லைசென்ஸும் முடக்கப்பட்டிருந்தது. காரைச் சோதித்தபோது துப்பாக்கிகள் கிடைத்தன, கைது செய்தார்கள். பிறகு அவர் போனைத் திறந்து பார்த்ததில் ஒரு கும்பலோடு தொடர்பு காட்டும் படங்களும் வீடியோக்களும் இருந்தன. அதை வைத்து முந்தைய துப்பாக்கிச் சூட்டு வழக்கு ஒன்றில் சேர்த்தார்கள். கைதானவரின் பையில் இருக்கும் பர்ஸையும் சிகரெட் பாக்கெட்டையும் வாரண்ட் இல்லாமல் பார்க்கலாமே, போனுக்கு மட்டும் என்ன என்பது அரசின் வாதம். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அதை நிராகரித்தார்கள். ஒருவரின் முழு வாழ்க்கையையும் அடக்கிய கருவியைப் பர்ஸோடு ஒப்பிட முடியாது, திறக்க வேண்டுமானால் வாரண்ட் வாங்கி வா என்றார்கள். உயிர்போகும் அவசரம் போன்ற நிலைகளுக்கு மட்டும் விலக்கு. அதே வருடம் கனடாவின் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. சட்டப்படியான கைதின்போது வாரண்ட் இல்லாமல் பார்க்கலாம். ஆனால் கைதுக்கு எது தொடர்போ அதை மட்டும், எதைப் பார்த்தாய், எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று விரிவாக எழுதி வைத்துக்கொண்டு. நான்கு பேர் ஒப்புக்கொண்டார்கள், மூன்று பேர் மறுத்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வந்தது கர்நாடக உயர் நீதிமன்றம். 2021 மார்ச்சில் வீரேந்திர கன்னா வழக்கில், பொதுவாக வாரண்ட் வாங்கித்தான் போனுக்குள் போக வேண்டும், அவசரமென்றால் காரணத்தை எழுதிவிட்டுப் போகலாம் என்று சொன்னது. அதே தீர்ப்பு, கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொல்வது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றும் சொன்னது. டெல்லியில் நீதிமன்றங்கள் இதற்கு எதிர்ப்பக்கம் நின்றன. குற்றம்சாட்டப்பட்டவரிடம் கடவுச்சொல்லை வற்புறுத்தி வாங்க முடியாது என்றன.

இந்தக் குழப்பத்தின் வேர் பழையது. அரசமைப்பின் 20(3)ஆம் பிரிவு, குற்றம்சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் 11 நீதிபதிகள், கைரேகை எடுப்பது சாட்சி சொல்வதாகாது என்றார்கள். 2010இல் செல்வி வழக்கில், உண்மை கண்டறியும் சோதனையைச் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். மனதில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது, உடம்பில் இருப்பதை எடுக்கலாம் என்று சுருக்கிக்கொள்ளலாம். அப்படியானால் மனதில் இருக்கும் ஆறு இலக்க எண்ணுக்கு ஒரு பாதுகாப்பு, விரல் நுனியில் இருக்கும் ரேகைக்கு இன்னொன்று. கைரேகை லாக் வசதியானதுதான். ஆனால் அதைத் திறக்க வாய் தேவையில்லை, விரலைப் பிடித்து வைத்தால் போதும்.

வாரண்ட் வேண்டும் என்று நாளைக்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிலைமை மாறிவிடுமா? மாறாது என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்காவில் வாரண்ட் இல்லாமல் எடுத்த ஆதாரம் பொதுவாக வழக்கிலிருந்து தூக்கி எறியப்படும். 1961 முதல் மாநிலப் போலீஸுக்கும் அதுதான் விதி. கஷ்டப்பட்டு எடுத்தது வீணாகும் என்ற பயம் அங்கே போலீஸை நிறுத்துகிறது. இங்கே 1972இல் மல்கானி வழக்கிலும் 1973இல் பூரன் மல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. ஆதாரம் வந்த வழி சட்டவிரோதமாக இருந்தாலும், அது வழக்குக்குப் பொருத்தமானது என்றால் ஏற்கலாம். வாசல் வழியாக வந்தாலும் சுவர் ஏறிக் குதித்து வந்தாலும் பந்தியில் இலை உண்டு. அப்புறம் யார் வாசலைத் தேடுவார்கள்? போனில் ஒன்றும் கிடைக்காதபோது பையன் புகார் கொடுக்கப் போவதில்லை. கிடைத்துவிட்டால் நீதிமன்றம் நிராகரிக்கப் போவதில்லை. நஷ்டமில்லாத வியாபாரம்.

இந்த இடத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். 2025 ஜூலை 2 அன்று, தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கு ஒன்றில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு அது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், சாதாரணக் குற்ற விசாரணைக்காக ஒட்டுக்கேட்க முடியாது என்று சொல்லி 2011ஆம் ஆண்டு ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். அதோடு நிற்கவில்லை. விதியை மீறிச் சேகரித்த உரையாடல்களை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபின், 1970களின் வாதம் பழையபடி நிற்க முடியாது என்பதே இதன் உட்பொருள். பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு இவ்வளவு கட்டுப்பாடு என்றால், பல வருடப் பேச்சு மொத்தமும் எழுத்தில் கிடக்கும் போனைப் பேரிகார்டு பக்கத்தில் நின்று புரட்டுவதற்கு என்ன கட்டுப்பாடு வேண்டும்?

அதே 2025இன் தொடக்கத்தில், அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்ததையொட்டிச் செய்தியாளர்களின் செல்போன்களைச் சிறப்பு விசாரணைக் குழு வாங்கி வைத்துக்கொண்டது. அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். பத்திரிகையாளர்களுக்குப் பின்னால் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். ஊடகத்துறையினரின் கருவிகளைக் கைப்பற்ற வழிமுறை வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசிடம் வலியுறுத்தியது. கொருக்குப்பேட்டையில் கறிக்கடையில் வேலை பார்க்கும் பையனின் போனுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

போலீஸ் பக்கமும் பேச வேண்டும். வடசென்னையில் ஸ்டேஷன் வேலை சுலபமில்லை. கஞ்சா, போதை மாத்திரை விற்பனை எல்லாம் முட்டுச்சந்திலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. கல்லூரி மாணவர்களின் 'ரூட்டு தல' சண்டைகள் ரயிலில் நடக்கும் முன் குரூப்பில்தான் மூளுகின்றன. பழிக்குப் பழி என்று ரீல்ஸ் போட்டுவிட்டு மறுவாரம் வெட்டுகிறார்கள். ஒரு நாளில் தானாக அழியும் மெசேஜ், தூரத்திலிருந்தே போனைத் துடைத்துவிடும் வசதி எல்லாம் உண்மை. இதை எனக்குச் சொன்ன ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர், "வாரண்டு வர்றதுக்குள்ள பொணம் வந்துடும் சார்" என்றார். கடத்தப்பட்ட குழந்தை, இன்றிரவு நடக்கப்போகும் கொலை என்றால் நானும் அவர் பக்கம்தான். ஆனால் 185ஆம் பிரிவு அந்த அவசரத்துக்குத்தானே இருக்கிறது? காரணத்தை எழுது, வீடியோ எடு, மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பு என்று மட்டும்தான் கேட்கிறது. போன் அழிந்துவிடும் என்ற பயமென்றால் கைப்பற்றி நெட்வொர்க்கைத் துண்டித்து வைக்கலாம். திறப்பது நாளைக்கு.

கண்டபடி புரட்டுவது போலீஸின் சொந்த கேஸையே கெடுக்கும் என்பதை ஏனோ யாரும் பேசுவதில்லை. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆதாரத்தோடு அதன் ஹேஷ் மதிப்பையும் சேர்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். ரோட்டில் நின்று ஒருவர் மெசேஜைத் திறந்து, தன் போனுக்கு ஃபார்வர்டு செய்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்பினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே தீபாவளி. இதை யார் வைத்தது, எப்போது வைத்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

நியாயமாக ரோட்டில் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. அது திருட்டு போனா என்பது. பர்மா பஜாரிலும் வேறு இடங்களிலும் செகண்ட் ஹேண்ட் போன் வாங்கிப் பயன்படுத்தும் ஊர் இது. பறித்துக்கொண்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டார், ஹேஷ், 0, 6, ஹேஷ் என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்ற போனின் அடையாள எண் திரையில் வந்துவிடும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கேலரிக்குள் போக வேண்டிய தேவையே இல்லை.

என் கருத்தில் சட்டத்துக்கு வேண்டியது இரண்டு வரிகள்தான். கேஸ் எண் இல்லாமல் யாருடைய போனையும் திறக்கச் சொல்லக் கூடாது, ரோட்டில் கொடுக்கும் சம்மதம் செல்லாது என்பது ஒன்று. அப்படித் திறந்ததில் கிடைத்தது எதுவும் நீதிமன்றத்தில் ஏறாது என்பது இன்னொன்று. வாரண்ட் பற்றிய விவாதம் முழுவதும் இரண்டாவது வரியின் மேல்தான் நிற்கிறது.

போன் ஏற்கெனவே போய்விட்டது என்றால் வழி உண்டு. எடுத்ததற்கு மகஜரோ ரசீதோ எழுத்தில் கேட்கலாம். கேஸில் சேர்த்துவிட்டால் பி.என்.எஸ்.எஸ்.சின் 497 அல்லது 503ஆம் பிரிவில் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போடலாம். பறிமுதல் செய்த பொருளை ஸ்டேஷனில் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு வக்கீல் ஃபீஸ் ஆகும், கோர்ட்டுக்கு நடக்கும் நாளில் சம்பளம் போகும். பத்தாயிரம் ரூபாய் போனுக்கு அந்தக் கணக்குக் கட்டுப்படியாகாது. கேஸே இல்லாமல் வாங்கி வைத்த போனுக்கு இந்த மனுவும் சிக்கல், காகிதத்தில் அப்படி ஒரு பறிமுதலே நடக்கவில்லை அல்லவா.

டெலிவரி தம்பியைப் போன வாரம் பார்த்தேன். லைசென்ஸ் அட்டையைப் பீரோவிலிருந்து தேடி எடுத்து, ஆர்.சி.யோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். நிறுத்தினால் அட்டையைத்தான் நீட்டுகிறாராம். போன் ஹேண்டில்பாரில் மேப்போடு அப்படியே இருக்கும். கைரேகை லாக்கை எடுத்துவிட்டு எண் போட்டிருக்கிறார். எண்ணைக் கேட்டால் என்ன செய்வாய் என்றேன். "இன்னும் கேக்கலைணா" என்றார்.